சாவைச் சொன்னால் சுருட்டு நிற்குமா?

கிணற்றில் தண்ணீர் இறைக்க ஏற்றம் மிதிப்பதில் என் அண்ணனுக்கு எங்கள் பக்கத்தில் ஈடு கிடையாது. அப்படிப்பட்டவர் வரப்பில் நடந்தாலே மூச்சு வாங்கி உட்கார ஆரம்பித்தார். காரணம் சுருட்டு. அது அவருக்கும் தெரியும்.

புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "இதை விடலேன்னா செத்துப்போவே" என்று முடித்துவிட்டார். வாசலுக்கு வந்ததும் அண்ணன் மடியிலிருந்து சுருட்டை எடுத்தார்.

"என்னண்ணே, இப்பத்தானே சொன்னாரு?"

"அதான் சாவுன்னு முடிவாயிருச்சே. பெறகு எதுக்குடா வாயைக் கட்டணும்?"

எனக்குச் சாமியை விட்டால் வேறு வழி தெரியாது. ஆவுடையார்கோவிலுக்கு அழைத்துப்போய், சன்னிதியில் சத்தியம் பண்ணச் சொன்னேன். அங்கே சாமிக்கு உருவம் இல்லை. சோற்றைச் சுடச்சுடக் கொட்டி, எழும்புகிற ஆவியைத்தான் படைப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு அண்ணன் என் காதில், "சாமியே பொகையைத்தான் குடிக்குது, என்னைய மட்டும் வெரட்டுறியே" என்றார். சிவசிவா என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சத்தியம் நடக்காமலே பஸ் ஏறினோம்.

கீரனூரில் ஒரு வயசான டாக்டர் இருந்தார். அவர் சாவைப் பற்றி வாயே திறக்கவில்லை. "ஏத்தம் மிதிப்பீங்களாமே? சுருட்டை விட்டுப் பாருங்க, மூச்சு திரும்பும். அடுத்த போகத்துக்கு நீங்களே மேல ஏறலாம்" என்றார். அன்று அண்ணன் சுருட்டுக்கடையைத் திரும்பிப் பாராமல் தாண்டி வந்தார். அந்த வாரம் முழுக்க வெறும் பாக்கை மென்றே சமாளித்தார்.

அப்புறம்தான் சொந்தக்காரர்கள் உடம்பு விசாரிக்க வர ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு சீப்புப் பழத்தை வைத்துவிட்டு, ஒரு பாட்டம் அழுதால்தான் பாசம். திருவரங்குளத்தில் கட்டிக்கொடுத்த அக்கா வாசலிலேயே தொடங்கிவிட்டாள். "ராசா, எலும்பும் தோலுமாப் போயிட்டியே! அந்தச் சுருட்டு ஒன்னையக் கொண்டுபோயிருமேடா! ஒம்புள்ளைகளுக்கு யாரு இருக்கா?"

அவள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கொல்லையில் சுருட்டு வாடை. யாரைத் திட்டுவது? அவள் கண்ணீர் நிசம்தானே.

மறுநாள் சின்னம்மா பழத்தோடு வருவதைப் பார்த்ததும் தெருவிலேயே மறித்தேன். "அழுகுறதா இருந்தா அங்கிட்டே அழுதுட்டு வாங்க சின்னம்மா. உள்ள வந்து அண்ணன்கிட்ட, ஏத்தம் எப்ப மிதிக்கப்போறேன்னு மட்டும் கேளுங்க."

"அழுகாமப் பாத்துட்டுப் போனா ஊரு என்னைய என்னடா சொல்லும்?" என்று சின்னம்மா நின்ற இடத்திலேயே மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள்.

உள்ளேயிருந்து அண்ணன் என்னைக் கூப்பிட்டு நெருப்புப்பெட்டி கேட்டார்.