முன்வாசலால் போக ஒரு வழி

கிழக்கு லண்டனில் இருக்கும் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலை அழகில்லை என்று எவரும் சொல்லமாட்டார்கள். செங்கல் முகப்பு, நடுவில் பூப்போல விரிந்த வட்டச் சன்னல், கீழே அகன்ற கற்படிகள். வந்த புதிதில் நானும் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். என் மனைவிக்குப் பாரிசவாதம் வந்து, சக்கர நாற்காலியில் இருக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் படிகளின் மேல் எனக்கு வெறுப்பு வந்தது.

அவளுக்கென்று ஒதுக்கிய வழி, பக்கத்துச் சந்து. குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, உடைந்த கதிரைகள், மேசைகள் அடுக்கிய அறைக்குள்ளால் போனால் பீடத்துக்குப் பக்கத்தில் வெளிப்படுவோம். பூசைக்கு வந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். எத்தனையோ வருடம் அந்தப் பீடத்துக்குப் பூ வைத்தவள் அவள்.

முன்வாசலுக்குச் சாய்வான பாதை ஒன்று கேட்டோம். மறைமாவட்டக் கட்டடக் குழுவிலிருந்து ஒருவர் வந்தார். படிக்கல்லைத் தடவினார். தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார்.

"பாதை வைத்தால் முகப்பின் அமைப்பே கெட்டுவிடும். கட்டியவரின் நோக்கத்தை நாம் மதிக்கவேண்டும்" என்றார். மனைவி அருகில்தான் இருந்தாள். அவர் என்னைப் பார்த்தே பேசினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டியவர் செத்து எவ்வளவோ காலம். கோவில் என்ன, எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பதற்கா?

அடுத்த ஞாயிறு படிகளுக்கு முன்னால் வந்ததும் நாற்காலியைச் சந்துப் பக்கம் திருப்பினேன்.

"அதால வேண்டாமப்பா. என்னை இதிலயே விடுங்கோ" என்றாள்.

"மழை வரப்போகுது."

"வரட்டும்."

எங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். "அக்கா, நாங்கள் தூக்கிக்கொண்டு போறம்."

"வேண்டாம் தம்பி. நான் சாமானில்லை."

பேச்சு குழறினாலும் அது எல்லோருக்கும் கேட்டது. நைஜீரியப் பெண்ணொருத்தி, தலையில் சுற்றிய பெரிய துணிக்கட்டோடு, வந்து அவளுக்குக் குடை பிடித்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் படியேறாமல் நின்றார்கள். மணி அடித்தது. உள்ளே உட்காரும் வாங்குகள் வெறுமையாகக் கிடப்பதைக் கண்ட பங்குத்தந்தை, பூசை உடுப்போடு வாசலுக்கு வந்தார். பிறகு இறங்கி எங்களிடம் வந்தார்.

மனைவி ஆங்கிலத்தில் கேட்டாள்: "ஃபாதர், இது என்ர கோவில். என்ர வாசல் எது?"

அவர் தூறலுக்குள் நின்றபடியே பூசையின் முதல் செபங்களைத் தொடங்கினார்.

அதன்பிறகு குழு இறங்கிவந்தது, அதுவும் அரை மனதோடு. மரப்பலகையில் ஒரு தற்காலிகப் பாதை. ஞாயிறு பூசைக்கு முன் வைத்து, முடிந்தவுடன் எடுத்து உள்ளே பூட்டிவிடுகிறார்கள். போவோர் வருவோர் கண்ணில் பட்டால் முகப்புக்கு இழுக்காம்! அப்படியானால் மற்ற நாட்களில் அவள் செபிக்கக் கூடாதா? கேட்டால், யோசிக்கிறோம் என்கிறார்கள்.

போன புதன்கிழமை, மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தவேண்டும் என்று ஆசைப்பட்டாள். போனோம். கதவு திறந்திருந்தது. பலகை உள்ளே பூட்டில். தெருவில் இருந்தபடியே அவள் சிலுவை அடையாளம் போட்டாள். எனக்குக் கையே எழவில்லை.