அவருக்கு வாய்த்த சர்வாதிகாரி

இது நடந்து ஐந்து வருடம் இருக்கும். கனடாவின் மொன்ட்ரியால்-நோரில், ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து அனுப்பும் ஒரு சலவைத் தொழிற்சாலையில் அப்போது எனக்கு வேலை. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஓர் அறையில் குடியிருந்தேன். விடிய ஐந்து மணிக்கு எழும்பி மெட்ரோவும் பஸ்ஸும் மாறிப் போவேன், பின்னேரம் மூன்று மணிக்கு வேலை முடியும். மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில். நான் புறப்பட்டபோது மகள் வயிற்றில் இருந்தாள். அவளுக்கு ஐந்து வயதாகியும் அவளை நான் கைபேசித் திரையில்தான் பார்த்திருந்தேன்.

என் அகதிக் கோரிக்கையை நிராகரித்திருந்தார்கள். முறையீடும் தோற்றுப் போயிற்று. கடிதத்தில் இரண்டு காரணங்கள் இருந்தன. உங்கள் நாட்டில் போர் முடிந்துவிட்டது என்பது ஒன்று. ராணுவ முகாமிலிருந்து உங்களை ஏன் விடுவித்தார்கள் என்று கேட்டால் "தெரியாது" என்கிறீர்கள், அது நம்பும்படியாக இல்லை என்பது மற்றது. இன்னொரு விண்ணப்பம் போடலாம், ஆனால் புதிதாகச் சொல்ல ஏதாவது வேண்டும் என்றார் சட்டத்தரணி. அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த நேரத்தில்தான் அவர் வேலைக்கு வந்து சேர்ந்தார். ஆப்பிரிக்காவில் ராணுவ ஆட்சி நடக்கும் ஒரு நாட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாங்கள் இருவரும் ஒரே இயந்திரத்தில் நின்றோம். ஈர விரிப்பின் ஒரு முனையை நானும் மறு முனையை அவரும் பிடித்து, சூடான உருளைக்குள் விட வேண்டும். எட்டு மணி நேரமும் முகத்துக்கு முகம் பார்த்தபடிதான் நிற்போம்.

நல்ல மனிதர். அதுதான் எனக்குப் பிரச்சினையாக இருந்தது. அவருடைய குரல் கோயில் மணி மாதிரி. காலையில் "போன்ஜூர்" என்று அவர் சொன்னால் மேற்பார்வையாளர் பெண்மணி அலுவலகத்திலிருந்து எட்டிப் பார்ப்பார். நான் ஐந்து வருடமாகச் சொன்ன "போன்ஜூர்" எதற்கும் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. அவர் நாட்டில் ஆங்கிலம்தானாம். இருந்தும் ஆறே மாதத்தில் பிரெஞ்சில் பகிடி விடுமளவுக்குத் தேறிவிட்டார்.

கனடாவுக்கு வந்து ஒன்றரை வருடத்தில் அவருடைய கோரிக்கை ஏற்கப்பட்டது. சாப்பாட்டு அறைக்கு ஒரு கேக் கொண்டுவந்து எல்லோருக்கும் தன் கையாலேயே வெட்டிக் கொடுத்தார். எனக்குப் பெரிய துண்டு. ஒரு வாய் மட்டும் தின்றுவிட்டு, மிச்சத்தைக் கடதாசியில் சுற்றிக் குப்பையில் போட்டேன்.

அன்று அறைக்கு வந்ததும், என்னோடு இருந்த டாக்ஸி ஓட்டும் அண்ணையிடம் கொட்டித் தீர்த்தேன்.

"விடும் தம்பி, அவனவன்ர தலையெழுத்து," என்றார் அவர்.

"தலையெழுத்தில்லை அண்ணை. அவையின்ர சர்வாதிகாரி டீவியிலை வாறான். பேரைச் சொன்னாலே காணும், இஞ்ச எல்லாருக்கும் விளங்கும். எங்கட கதை பழசாப்போச்சு, ஒருத்தருக்கும் தேவையில்லை."

சொல்லிவிட்டு நானே ஒருமுறை யோசித்தேன். ஒரு மனிதனுக்கு வாய்த்த சர்வாதிகாரியைப் பார்த்து இன்னொருவன் பொறாமைப்படுவது உண்டா? எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது. கறுப்புக் கண்ணாடியும் மார்பு நிறையப் பதக்கங்களுமாக அந்த ஆள் செய்தியில் வரும்போதெல்லாம், அடுத்தவன் வீட்டுக் காரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு அவருடைய மனைவியும் இரண்டு மகள்களும் வந்து சேர்ந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட வேலை செய்யும் எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். தக்காளியில் சிவந்த சோறு, பொரித்த வாழைப்பழம், கோழி. எல்லாம் ருசியாகத்தான் இருந்திருக்கும். சின்ன மகள் அவருடைய மடியில் ஏறி இருந்து, அவருடைய சாப்பாட்டுக் கோப்பையிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் மகளின் வயதுதான். அவள் விரலை நக்கி அப்பாவின் சட்டையில் துடைத்தாள். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. என்னால் அந்த இடத்தில் இருக்க முடியவில்லை. வயிற்று வலி என்று சொல்லி எழும்பி வந்துவிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் கைபேசியை எடுத்து அவருடைய பெயரைத் தேடினேன். ஏதோ ஓர் அழுக்கு அகப்பட வேண்டும் என்றே தேடினேன். அகப்பட்டது.

பழைய காணொளி. பின்னால் துப்பாக்கிகளோடு சிப்பாய்கள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் அந்தச் சர்வாதிகாரி, இளமையாக, பதக்கம் எதுவும் இல்லாமல். அவருக்கு முன்னால் மேசையில் உட்கார்ந்து, ஜனாதிபதி அகற்றப்பட்டார், அரசியலமைப்பு நிறுத்தப்பட்டது என்று ஒரு தாளை வாசிப்பவர் என்னோடு விரிப்பின் மறு முனையைப் பிடிப்பவர். குரலிலேயே தெரிந்தது. ரேடியோவில் வேலை செய்ததாக மட்டும்தான் எங்களிடம் சொல்லியிருந்தார்.

சந்தோஷத்தில் இறங்க வேண்டிய தரிப்பைத் தவறவிட்டேன்.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் இருக்கும்போது, கைபேசியை மேசை நடுவில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினேன். "இது நீங்கள்தானே?" என்று கேட்டேன். அவர் முழுவதையும் பார்த்தார். "ஓம், நான்தான்," என்றார். கரண்டியைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

எங்களோடு ஹெயிட்டியைச் சேர்ந்த ஒரு பெண் வேலை செய்தார், சாப்பாட்டு மேசையில் எப்போதும் இவரோடு சிரித்துப் பேசுபவர். சின்ன வயதில் சிப்பாய்கள் வந்து அவருடைய தகப்பனைக் கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அவர் தன் சாப்பாட்டுப் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். அடுத்தடுத்த நாட்களில் மற்றவர்களும் போனார்கள். "போன்ஜூர்" என்ற அந்த மணிச் சத்தம் நின்றுபோயிற்று. முதல் நாள் பின்னேரம் எனக்குப் பண்டிகை மாதிரி இருந்தது. ஒரு கிழமைக்குள் அந்த ருசி போய்விட்டது. எட்டு மணி நேரம் முகத்துக்கு முகம் நிற்க வேண்டியிருந்ததே!

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு நாள், வேலை முடிந்து பஸ் தரிப்பில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். முகத்தை வெட்டும் குளிர். அந்த நேரத்திலும் எனக்குள் இருந்தது பொறாமைதான். கேட்டேன்: "அகதி விசாரணையில் அந்த வீடியோவை எப்படி மறைத்தீர்கள்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் கதை. அவர் சொன்னதை என் பேச்சிலேயே எழுதுகிறேன். "மறைச்சதோ? அவங்கள் தேடி எடுக்க முதல் நானே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினன். மூண்டு நாள் கேட்டவங்கள்."

பிறகு சொன்னார். ஆட்சி கவிழ்ந்த அன்று காலை ஆறு மணிச் செய்திக்குத் தயாராகிக்கொண்டிருந்தாராம். அந்தச் சர்வாதிகாரி அப்போது வெறும் கேணல். ஜனாதிபதியின் காவல் படையில் இருந்தவர், முதல் நாள் வரை ஊருக்குப் பெயர் தெரியாது. ரேடியோவும் டீவியும் ஒன்றாக இருந்த அரசாங்க நிலையத்துக்குள் சிப்பாய்களோடு நுழைந்து, பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் எழுதிய அறிவிப்பை நீட்டினார். தாள் நிறைய எழுத்துப் பிழை. "திருத்தி வாசிக்கட்டுமா?" என்று இவர் கேட்டார். திருத்தச் சொன்னார் கேணல். "அந்த ஆட்சியின்ர முதல் வசனத்தைத் திருத்தினது நான்," என்றார்.

ஆறு மாதத்தில் தேர்தல் என்று அந்தத் தாளில் இருந்தது. பழைய ஜனாதிபதியின் களவுகளைப் பொறுத்துச் சலித்த சனங்கள் தெருவில் ஆடினார்கள், சிப்பாய்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். தானும் சந்தோஷப்பட்டதாக அவர் ஒளிக்காமல் சொன்னார். அந்த ஆறு மாதம் பதினொரு வருடமாயிற்று. கேணல் ஜெனரலாகி, பிறகு மார்ஷலானார். பிள்ளைகளின் கொப்பி அட்டைகளில் அவர் முகம் வந்தது. அவருடைய கார்கள் போகும் தெருவில் மேல்மாடி ஜன்னல்கள் எல்லாம் பூட்டியிருக்க வேண்டும். முதலில் ஒரு பத்திரிகையை மூடினார்கள், பிறகு கட்சிகளை, பிறகு நீதிமன்றத்தை. ஒவ்வொன்றையும் ரேடியோவில் அறிவித்தது இவர். கடைசியில் தேசத் துரோகிகள் என்று பெயர்ப் பட்டியல்கள் வரத் தொடங்கின. மத்தியானச் செய்தியில் வாசிப்பார். பின்னேரத்துக்குள் ஆட்களைப் பிடித்துவிடுவார்கள்.

ஒரு நாள் பதினொரு மணிக்கு வந்த பட்டியலில் அவருடைய மனைவியின் அண்ணனின் பெயர் இருந்தது. செய்திக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. மேசையில் டெலிபோன் இருந்தது. கதவடியில் சிப்பாயும் நின்றான். "நான் டெலிபோனை எடுக்கேல்லை," என்றார். "ஒரு மணிக்கு வாசிச்சன். பேரைப் பிழையில்லாமல் உச்சரிச்சன்."

அந்த மனிதர் திரும்பி வரவே இல்லை.

"உங்கட மனிசிக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"அவ அண்டைக்கு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தவ."

எங்களுக்கு முன்னால் பஸ் வந்து நின்று, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போய்விட்டது. நாங்கள் ஏறவில்லை.

அதற்கு ஒரு வருடத்துக்குப் பிறகு, முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் பெயரை அவர் பட்டியலில் வாசிக்காமல் விட்டுவிட்டார். வீரம் ஒன்றுமில்லை, வாய் வரவில்லை என்றார். நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகாமல் மீன் லொறியில் ஏறி எல்லையைக் கடந்தார். இதில் எதையும் விசாரணையில் விடவில்லை. டெலிபோனையும் சொன்னாராம்.

பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்: "உங்களிட்டை என்ன கேட்டவங்கள்?"

"முகாமிலையிருந்து ஏன் விட்டவங்கள் எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அடுத்த பஸ் வருகிறதா என்று நான் தெருவை எட்டிப் பார்த்தேன்.

ஏன் விட்டார்கள் என்று எனக்குத் தெரியும். போர் முடிந்த நேரம், ஒரு பள்ளிக்கூடத்தை முகாமாக்கி எங்களை அடைத்து வைத்திருந்தார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. மூன்றாம் நாள் என் தலையில் ஒரு சாக்கைப் போட்டு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டி, கதிரையில் இருத்தினார்கள். எனக்கு முன்னால் ஆட்களை ஒவ்வொருவராக நடத்திக்கொண்டு போனார்கள். தெரிந்த இயக்கக்காரன் வந்தால் தலையாட்ட வேண்டும். எங்கள் ஊரில் அப்படி உட்கார்ந்தவனுக்குத் தலையாட்டி என்று பெயர். அதைவிடக் கேவலமான பெயர் எங்களிடம் இல்லை. நான் அடிக்குப் பயந்து ஒருவனுக்குத் தலையாட்டினேன். தண்ணீர் வரிசையில் ஒருமுறை எனக்கு முன்னால் நின்றவன், அவ்வளவுதான் தெரியும். அவன் அந்த இரண்டு ஓட்டைகளையும் நேராகப் பார்த்தான். அடுத்த நாள் என்னை விட்டார்கள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை என்று சட்டத்தரணியிடம் சொன்னது பொய். இந்த நான்தான் இன்னொரு மனிதரை எல்லோர் முன்னிலையிலும் மேசையில் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

அன்றும் எனக்கு அவர் மேல் பொறாமை போகவில்லை. ஆனால் இப்போது விசாவும் மடியில் இருந்த பிள்ளையும் அதற்குக் காரணமில்லை. அவரால் சொல்ல முடிந்ததே, அதுதான் காரணம்.

முதலில் மனைவிக்குச் சொன்னேன். தொலைபேசியில் முழுவதையும் சொல்ல விட்டாள். பிறகு, "அந்தப் பெடியன் ஆற்ற பிள்ளை?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அவள் அழுதாள். எனக்காகவா அவனுக்காகவா என்று கேட்கத் துணிவு வரவில்லை. வைக்கும்போது, "லோயரிட்டைப் போய் உள்ளதைச் சொல்லுங்கோ. வாறது வரட்டும்," என்றாள்.

அதற்கு முன் இன்னொன்று செய்ய வேண்டியிருந்தது. சாப்பாட்டு அறையில் எழும்பி நின்று, என் உடைந்த பிரெஞ்சில், நான் காட்டியது பாதிக் கதை என்றும், அந்த வீடியோவை அவரே விசாரணைக்குக் கொண்டுபோனார் என்றும் சொன்னேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று மேற்பார்வையாளர் கேட்டார். "ஜலூ" என்றேன். பொறாமைக்காரனுக்குப் பிரெஞ்சில் அதுதான் சொல். கேட்டவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். தனியாக இருந்த மேசையிலிருந்து அவர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். சிலர் அவருடைய மேசைக்குத் திரும்பினார்கள். அந்த ஹெயிட்டிப் பெண் திரும்பவில்லை. அவர் பிழை சொல்லவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. அது அவருடைய உரிமை. இருந்தாலும் ஒருவரோடொருவர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரை நான் பிரித்தது பிரித்ததுதான்.

சட்டத்தரணி நான் சொன்னதை இரண்டு தரம் கேட்டார். இது உங்களுக்கே எதிராகத் திரும்பலாம் என்று எச்சரித்தார். திரும்பட்டும் என்றேன். விசாரணையில் நீண்ட நேரம் கேள்வி கேட்டார்கள். சாக்கைப் பற்றி, ஓட்டைகளைப் பற்றி, அவன் பார்த்த பார்வையைப் பற்றி. இரண்டு வருடம் இழுத்தது. கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். போன வருடம் மனைவியும் மகளும் வந்தார்கள். விமான நிலையத்தில் மகள் என் கையைப் பிடிக்க வெட்கப்பட்டு, அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். அவள் என்னோடு பழக மூன்று மாதம் பிடித்தது.

அவர் இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டார். பெருநாட்களில் கதைத்துக்கொள்வோம். அவருடைய நாட்டில் அந்த மார்ஷல் இன்னும் இருக்கிறார். செய்தியில் வந்தால் இப்போது நான் சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன்.

யாருக்காவது நல்லது நடந்தது என்று கேள்விப்பட்டால் என் வயிற்றில் அந்தப் பழைய எரிவு இன்றைக்கும் எழும்பத்தான் செய்கிறது; ஆனால் அந்த நல்லதை அடைந்தவர் அதற்காக எதையெல்லாம் தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டி வந்திருக்கும் என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான், நான் அவருடைய முகத்தைப் பார்க்கிறேன்.