சிங்காரவேலுவின் காக்கிச் சட்டை வடக்கே போன கதை

“என் உடம்புல கத்தி வைக்கிற தைரியம் இந்தியாவுல எந்த கவர்மெண்டுக்கும் கெடையாது.”

1977 மார்ச்சில், நெய்வேலி சுரங்க கேன்டீனில், முதல் ஷிப்ட் டீயின்போது சிங்காரவேலு வெளியிட்ட பிரகடனம் இது. அவர் கன்வேயர் பெல்ட் ஃபிட்டர், பர்மனென்ட். இத்தகைய பெருமக்களின் வாழ்க்கை வரலாற்றை யாரும் எழுதுவதில்லை என்பதால் இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பிரகடனத்துக்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கம்பெனி செலவில் குடும்பத்தோடு ஊர் சுற்றிவர எல்.டி.சி. என்று ஒரு சலுகை உண்டு. அதில் டெல்லி, ஆக்ரா போக வேண்டும், தாஜ்மகாலைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மனைவி விஜயகுமாரி முடிவு கட்டிவிட்டார். நாட்டிலோ நெருக்கடி நிலையும் தேர்தலும் ஒன்றாக நடந்துகொண்டிருந்தன. அதே கேங்கில் வேலை செய்த நஜிமுதீன் டீயை ஆற்றியபடியே விஷயத்தைப் போட்டார்.

“வடக்க பஸ்ஸ நிறுத்தி ஆம்பளைங்கள மட்டும் இறக்கிக்கினு போறாங்களாம் சிங்காரம். திரும்பி வரும்போது குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிஞ்சிருக்குமாம்.”

அதெல்லாம் ஓய்ந்துவிட்டது என்று பேப்பர் சொன்னது. சிங்காரவேலு பேப்பரை நம்புகிறவர் அல்ல. இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தார்கள். மூன்றாவதாக ஒரு பையனுக்குப் பெயர்கூடத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். பிரகடனம் செய்த கையோடு வீட்டுக்குப் போய், பயணத்தை மகாபலிபுரத்தோடு முடித்துக்கொள்ளலாமே என்று சன்னமாகக் கேட்டுப் பார்த்தார். விஜயகுமாரி காதில் வாங்காமல் இட்லி மிளகாய்ப்பொடி இடித்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளைக் கம்மாபுரத்தில் மாமியாரிடம் விட்டார்கள். தற்காப்புக்கு சிங்காரவேலு ஒரு திட்டம் வகுத்தார். டியூட்டிக்குப் போடும் காக்கிச் சட்டை, காக்கி பேண்ட், நெஞ்சில் கம்பெனி அடையாள வில்லை. பார்க்கிறவன் இவரும் சர்க்கார் ஆள்தான் என்று நினைத்து விட்டுவிடுவான் அல்லவா?

திட்டம் தேவைக்கு அதிகமாகவே பலித்தது. டெல்லியில் செங்கோட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் தண்ணீர் கேட்கப் போனார். தெருவில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஆண்கள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு சலூனில் பாதி சவரத்தோடு ஒருவர் பின்வாசல் வழியாக வெளியேறினார். ஏதோ பெரிய ஆபத்து வருகிறது என்று சிங்காரவேலுவும் அவர்களோடு சேர்ந்து ஓடப் பார்த்தார். இவர் ஓடி வருவதைக் கண்டு அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

ஆக்ராவில் குதிரைவண்டிக்காரர் இவரைக் கண்டதும் குதிரையையும் வண்டியையும் அப்படியே விட்டுவிட்டு மறைந்தார். விஜயகுமாரிக்குச் சிரிப்பு தாளவில்லை.

“ஏங்க, அவரு உங்களப் பாத்துதாங்க ஓடறாரு. ஆள் புடிக்க வந்திருக்கீங்கன்னு நெனச்சிக்கினு இருக்காங்க.”

சிங்காரவேலு தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பயந்துகொண்டே இத்தனை தூரம் வந்தவரைப் பார்த்து ஓர் ஊரே பயந்தது. அதற்கு மகிழ்வதா வருந்துவதா என்று அவருக்கு விளங்கவில்லை. தாஜ்மகாலின் எதிரே நின்றபோதும் அதே யோசனைதான். மாற்றிக்கொள்ளலாம் என்றால் வேட்டி லாட்ஜில் இருந்தது.

மறுநாள் காலை தெருவெல்லாம் மேளம். டீக்கடை ரேடியோவில் தேர்தல் முடிவு. ஆட்சி போய்விட்டது. நம் தமிழ்நாட்டில் ஓட்டு வேறு மாதிரி விழுந்திருந்தது, அது வேறு விஷயம். முந்தின நாள்வரை காக்கியைக் கண்டாலே ஓடிய ஆண்கள் அனைவரும் இப்போது வீதியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். லாட்ஜ் வாசலுக்கு வந்த காக்கிச் சட்டையை அவர்கள் பார்த்தார்கள். ஆட்டம் நின்றது. நாலைந்து பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள்.

விஜயகுமாரி கணவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். கதவு மறுபடி திறந்தபோது, நாலு முழ வேட்டியும் பனியனுமாக, நெற்றி நிறைய திருநீறோடு ஒரு தென்னாட்டுப் பக்தர் நின்றார். கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பிறகு முன்னால் நின்றவர் சிரித்தார். பக்தரின் வாயில் ஒரு லட்டைத் திணித்தார். தோளில் கைபோட்டு ஆடவும் வைத்தார். சிங்காரவேலு ஆடினார். உடம்பு முழுசாக இருக்கிறவன் எப்படி ஆடுவானோ அப்படி. ஊர் திரும்பும்வரை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டே வந்தார்.

கேன்டீனில் பிரகடனம் இரு மடங்கு உரக்கத் தொடர்ந்தது. ஒரு கவர்மெண்டே கவிழ்ந்ததாம், இவர்மேல் கை வைக்க முடியாமல்.

அடுத்த வருஷம் மூன்றாவது பிரசவம். விஜயகுமாரி பிழைத்ததே பெரிது. பிறந்ததும் பெண். இனி ஒரு பிரசவம் இந்த உடம்பு தாங்காது, தேறியதும் விஜயகுமாரிக்கே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார். சிங்காரவேலு தலையாட்டிவிட்டு வந்தார்.

ஒரு வாரம் கழித்து அவர் லீவில் இருந்தார். பார்க்க வந்த நஜிமுதீனிடம் இடுப்புப் பிடிப்பு என்றார். நஜிமுதீன் போன பிறகு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்த விஜயகுமாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நெசமா சொல்லுங்க. யாரு புடிச்சிக்கினு போனாங்க?”

“யாரும் புடிக்கல விஜயா. டாக்டரம்மா ஒன்னப் பத்திச் சொன்னாங்க. நானே கம்பெனி பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயி ஆபரேஷன் பண்ணிக்கினு வந்தேன்.”