மறுபடியும் முதல் தவணை

சகாயமேரி டீச்சர் இறந்துபோன செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் அவருடைய தங்கை செல்வி. போன மாதம் ஒரு காலையில் என் வீட்டு வாசலில் மூன்று சக்கர வண்டி வந்து நின்றது. இளம்பிள்ளை வாதத்தால் சிறுவயதிலேயே நடக்க முடியாமல் போன செல்வி, இரண்டு தெரு தாண்டி, கையாலேயே வண்டியைச் சுற்றிக்கொண்டு தனியாக வந்திருந்தார். "அக்கா எந்திரிக்கலை டீச்சர். தூக்கத்துலயே போயிட்டாக" என்றார். அந்தத் துக்கத்திலும் எனக்கு ஒன்று தோன்றியது. செல்வி இப்படி யார் துணையும் இல்லாமல் வாசல் தாண்டி வரவேண்டும் என்பதற்காகத்தான் அந்த மனுஷி வாழ்ந்தார்.

செக்காலைப் பள்ளியில் அவர் கணக்கு எடுத்தார், நான் தமிழ் எடுத்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்காவும் தங்கையும் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தார்கள். ஞாயிறன்று சர்ச் பூசைக்குச் செல்வியை முதுகில் சுமந்துதான் டீச்சர் படியிறங்குவார். மற்ற நாட்களில் செல்விக்கு உலகம் ஜன்னலோடு முடிந்துவிடும். தரையோடு தரையாக ஒரு சொந்த வீடு வேண்டும். டீச்சருக்கு வேறு ஆசை இருந்ததாக நான் அறியேன்.

சம்பளம் வாங்கியதும் அவர் நேரே தபால் ஆபீசுக்குப் போவார். மாதச் சேமிப்புத் தவணையைக் கட்டிவிட்டுத்தான் மளிகைக் கடை. மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போட்டுக்கொள்ளலாம் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவள் நான். "மிஞ்சவே மிஞ்சாது டீச்சர். இது நம்ம காசே இல்லைன்னு முதல்லயே எடுத்து வச்சிருங்க. மிச்சந்தான் சம்பளம்" என்பார். அவர் கையைப் பிடித்து இழுத்துப்போனதால்தான் நானும் ஒரு கணக்குத் தொடங்கினேன்.

அதற்காக அவரைக் கருமி என்று நினைத்துவிடாதீர்கள். தவணைக்குச் சேலை கொண்டுவரும் அம்மாள் ஆசிரியைகள் அறையில் மூட்டையைப் பிரித்தால் முதலில் போய் உட்காருபவர் அவர்தான். தோளில் போட்டுப் பார்த்து, எங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டி, பிறகு மடித்துக் கொடுத்துவிடுவார். "அடுத்த மாசமும் இதே ஆசை இருந்தா வாங்கிக்கிறேன்." சில சேலைகளை அப்படியே வாங்கியும் இருக்கிறார். ஆனால் செல்விக்கு ஆரஞ்சுப் பழம் வாங்க மட்டும் அடுத்த மாதம் வரை காத்திருந்ததில்லை.

ஐந்து வருடத் தவணை முடிந்து பணம் கைக்கு வந்தபோது, பார்த்துவைத்திருந்த மனையின் பத்திரம் முடியச் சில மாதங்கள் ஆகும் என்றார்கள். ஊரில் தெருவுக்கு ஒரு பைனான்ஸ் கம்பெனி முளைத்திருந்த காலம். அதுவரை வட்டியாவது வரட்டும், செங்கலுக்கு ஆகும் என்று நினைத்து டீச்சர் ஒரு கம்பெனியில் பணத்தைப் போட்டார். என் சேமிப்பையும் அங்கேதான் போட்டேன். பத்திரம் முடிவதற்குள் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

இருவரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். இறக்கிய ஷட்டருக்கு முன்னால் ஊரே நின்று கத்திக்கொண்டிருந்தது. யாரோ போர்டின் மேல் கல்லை எறிந்தார்கள். நான் அழுதேன். டீச்சர் அந்தப் பூட்டையே வெகுநேரம் பார்த்தார். பிறகு, "வாங்க டீச்சர், மத்தியானம் எனக்கு வகுப்பு இருக்கு" என்றார். அன்று வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் அவர் சொன்னதைச் செல்வி பிற்பாடு என்னிடம் சொன்னார்: "வீடு தள்ளிப் போச்சு செல்வி. இல்லைன்னு ஆகலை."

அடுத்த சம்பள நாளில் அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது எனக்குக் கோபமே வந்தது. "இன்னும் எங்குட்டுப் போறீக? எல்லாந்தான் போச்சே!"

"பணந்தான் டீச்சர் போச்சு. பழக்கம் இருக்குல்ல."

பின்னாலேயே நடந்தேன். தபால் ஆபீஸ் வரிசையில் நின்று, புதுக் கணக்குக்குக் கையெழுத்துப் போட்டு, ஐந்து வருடத்தின் முதல் தவணையை அவர் மறுபடியும் கட்டினார். நாற்பதைத் தாண்டிய பெண். அன்று எனக்கு உண்டான பிரமிப்பு இன்றுவரை அடங்கவில்லை. கம்பெனியிலிருந்து ஒரு காசும் திரும்பவில்லை. ஆனால் அந்த வருஷமே எங்கள் பள்ளியில் பாதிப் பேர் அவருக்குப் பின்னால் அந்த வரிசையில் நின்றோம்.

அந்தத் தவணையும் முடிந்து, மனையும் வாங்கி, போன வருடம் வீடு எழும்பியது. ஓர் அறை, ஓர் அடுப்படி. செல்வியின் வண்டி இடிக்காமல் உருள வேண்டும், நிலைப்படி வேண்டாம் என்று கொத்தனாரோடு சண்டையே போட்டார். சர்ச்சிலிருந்து சாமியார் வந்து வீட்டை மந்திரித்த அன்று, உள்ளே இருந்த செல்வி யாரையும் கூப்பிடாமல் வண்டியைச் சுற்றித் தெருவுக்கு வந்தார். தெருக்கோடி வரை போனார். திரும்பி வந்தார். டீச்சர் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

இந்த மாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு தனியாகத் தபால் ஆபீசுக்குப் போனேன். "மேரி டீச்சர் வரலையா?" என்று கேட்டார் கவுண்டரில் இருந்தவர். சொன்னேன். முத்திரை குத்தப்போன கை அப்படியே நின்றது. பிறகு குத்திப் புத்தகத்தை என்னிடம் நீட்டி, "நீங்க அடுத்த மாசம் வருவீகள்ல?" என்றார்.

"வருவேன்" என்றேன். எல்லாம் போனாலும் வருவேன் என்பதுதான் அதற்குப் பொருள். அப்படிச் சொல்லும் தைரியம் என்னுடையது இல்லை; அது சகாயமேரி டீச்சர் எனக்கு விட்டுப்போனது.