எமன் வீட்டுக் கணக்குப்பிள்ளை

யார் வீட்டுக் குழந்தையைக் கையில் கொடுத்தாலும் மற்றவர்கள் மூக்கு யார் ஜாடை என்று பார்ப்பார்கள். அந்தம்மா உள்ளங்காலைச் செல்லமாகக் கிள்ளிவிட்டு, "இது அடுத்த நூற்றாண்டை எட்டிப் பார்த்துடும்" என்பார்.

"வாழ்த்தா அக்கா, ஜோசியமா?" என்று பெற்றவள் முழிப்பாள்.

"ரெண்டும் இல்லைம்மா. சராசரி."

வேலை அப்படி. ஆராய்ச்சி நிலையத்தில் மக்கள்தொகைக் கணக்கு. ஜனங்கள் எந்த வயதில் படிப்பை முடிக்கிறார்கள், கல்யாணம் கட்டுகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், போய்ச் சேருகிறார்கள் என்ற விவரத்தையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போட்டு, லட்சம் பொம்மை ஜனங்களை உண்டாக்கிவிடுவார். ஒவ்வொரு பொம்மைக்கும் வருஷத்துக்கு ஒரு முறை கம்ப்யூட்டர் தாயக்கட்டை உருட்டும். கட்டை விழுகிறபடி அவை பிறக்கும், சேரும், பிரியும், கிழடு தட்டிச் சாகும். அந்தம்மாவின் டீ ஆறுவதற்குள் மூன்று தலைமுறை ஓடியிருக்கும். ஒற்றைப் பொம்மைக்கு என்ன விழுந்தது என்று அவர் திரும்பியும் பார்க்க மாட்டார். லட்சத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஊர் எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியுமாம்.

புருஷன் குழாய் ரிப்பேர்க்காரர். எமன் வீட்டுக் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்தது அவர்தான். பெண்டாட்டிமார் புருஷன்மாரைவிடப் பல வருஷம் கூடுதலாக இருப்பார்கள் என்று கணக்கு சொன்ன நாளிலிருந்து, அந்தம்மா குழாய்க்கு வாஷர் மாற்றப் பழகிக்கொண்டிருக்கிறார். ஸ்பானரைப் பிடிக்கிற லட்சணத்தைப் பார்த்தால் குழாயே அழுதுவிடும்.

"நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன். அதுக்குள்ள என் வேலைக்கு ஆள் தயார் பண்றியா?"

"உங்களை எங்கங்க சொன்னேன்? சராசரிப் புருஷனைச் சொன்னேன்."

"யாரு அவன்? நல்லா இருக்கட்டும். சாகுறதை அவனையே சாகச் சொல்லு."

ஆபீஸில் அந்தம்மா பொறுமைசாலி. ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் சீறுவார். விடை பிடிக்கவில்லை என்று யாராவது கணக்கை மறுபடி ஓட்டினால் தொலைந்தார். "பிடிச்சது விழற வரைக்கும் உருட்டினா அதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்லைப்பா, சூதாட்டம்."

போன வாரம் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குனிந்த குழாய்க்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். முடிவை வியாழக்கிழமை சாயங்காலம் வந்து கேட்கச் சொன்னார்.

அந்த வியாழக்கிழமை காலையிலிருந்து வீட்டில் எல்லாப் பேச்சும் நடந்தது, நெஞ்சைத் தவிர. குடை ஓட்டையைப் பற்றிப் பேசினார்கள். மாடி வீட்டுக்காரர் நாயைப் பற்றிப் பேசினார்கள். அதற்குமேல் பேச நாயும் இல்லை.

மத்தியானம் தண்ணீர் குடிக்க எழுந்தவர், அந்தம்மா கம்ப்யூட்டருக்கு முன்னால் கூனிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டு, பூனை மாதிரிப் பின்னால் போய் நின்றார். திரையில் லட்சம் பேரைக் காணோம். ஒரே ஒரு பொம்மை. ஆண். வயது ஐம்பத்தாறு. குழாய் வேலை. சிகரெட் உண்டு. மனைவி உண்டு.

அந்தம்மா ஒரு தட்டுத் தட்டினார். பொம்மை ஐம்பத்தெட்டில் போய்விட்டது.

வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி தட்டினார். அறுபத்தேழு. மறுபடி. ஐம்பத்தேழு. "சீ, போ" என்று பொம்மையைத் திட்டிவிட்டு இன்னொரு தட்டு. பின்னால் நின்றவர், கையில் டம்ளரோடு, பந்தயம் கட்டினவர் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எண்பத்து நாலு.

அந்தம்மா தட்டின விரலை மடக்கி, மறுபடி தட்டப் போய்விடாதபடி கக்கத்தில் இறுக்கி இடுக்கிக்கொண்டார்.