இங்கிலீஸில் வந்த மனு

கடைசி லயத்து வீடுகளுக்கு மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவே மண் வெடித்திருந்ததை முதலில் பார்த்தது நான்தான். பால் வெட்டப் போகிற வழி அது. நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிறவள் நான். தோட்டத்தில் எனக்கு அப்படித்தான் பேர். ஐந்தாம் நாள் வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை போனது. கீழே ஆறு காம்பரா, ஆறு குடும்பம். நாலாவது எங்களுடையது. பெரிய மழைக்கு ஒரு மாதம்கூட இல்லை.

லயத்தில் சொன்னேன். எல்லாருமாகப் போய்த் தோட்டத்துத் துரையிடம் சொன்னோம். பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகுதான் அரசாங்கக் கந்தோருக்கு மனுக் கொடுப்போம் என்று முடிவானது. இரண்டாயிரத்து நாலாம் வருசம் அது.

புளத்கொகுபிட்டியவில் கம்ப்யூட்டர் வைத்திருந்த கடைக்குப் போனேன். முதலாளியின் மகள்தான் தட்டெழுதுவாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வாசிப்பேன், எழுதத்தான் வராது. நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். "என் முழங்கை வரை உள்ளே போகிறது" என்பதையும் அப்படியே போடச் சொன்னேன். மூன்று தடவை வாசித்துக் காட்ட வைத்தேன். திரையில் எல்லாம் அழகான தமிழ். ஆனால் பிரின்டரில் மை முடிந்திருந்தது. கொழும்பிலிருந்து வர வேண்டுமாம். ஒரு ப்ளொப்பி டிஸ்க்கில் போட்டு, "எந்தக் கடையிலயும் எடுக்கலாம் அக்கா" என்று கொடுத்தாள்.

தோட்டத்துச் சங்கத் தலைவர் அடிக்கடி வரக்காப்பொலைக்குப் போகிறவர். அவர் கையில் கொடுத்தோம். அங்கே பிரின்ட் எடுத்து, நாங்கள் கையெழுத்தும் கைநாட்டும் வைத்த தாளோடு சேர்த்து, கந்தோரில் கொடுத்து, சீல் குத்திய கொப்பி ஒன்றையும் வாங்கி வந்தார். லயத்து வாசலில் நின்று அதைத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தீங்களா, இங்கிலீஸ்லயே வந்திருச்சு!"

"யாருங்க மாத்துனது?" என்று கேட்டேன்.

"மெசினுதான். கம்ப்யூட்டர்னா சும்மாவா? தமிழ்ல குடுத்தா மூலையில போடுவான். இங்கிலீஸ்னா எந்திரிச்சு நிப்பான்."

எல்லாருக்கும் சந்தோசம். எங்களுக்கு இங்கிலீஸ் தாள் என்றால் தோட்டத்து ஒபீசிலிருந்து வருவது. வேலை நிறுத்தினாலும் காம்பராவைக் காலி பண்ணச் சொன்னாலும் அப்படித்தான் வரும். முதல் தடவையாக நாங்களும் ஒன்று அனுப்பியிருக்கிறோம்!

நான் மட்டும் தாளை வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தேன். உரச் சாக்கைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஸ் எழுத்து எனக்குத் தெரியும். எந்தச் சாக்கிலும் எழுத்தின் தலையில் கொம்பு முளைத்து நான் பார்த்ததில்லை. சொல்லுக்கு நடுவில் அடைப்புக்குறி, கேள்விக்குறி எல்லாம் கிடந்தன. ஆறு காம்பரா என்று சொன்ன அந்த 6 மட்டும் ஒழுங்காக இருந்தது.

"உனக்கு எல்லாத்திலயும் சந்தேகம்" என்றார் தலைவர்.

அடுத்த நாள் அரைப்பேர்ச் சம்பளத்தை விட்டுவிட்டுக் கடைக்கு ஓடினேன். தாளைப் பார்த்ததும் அந்தப் பிள்ளையின் முகம் செத்துப்போனது.

"அக்கா, இது இங்கிலீசும் இல்ல, ஒண்ணும் இல்ல. ப்ளொப்பில போறது எழுத்து இல்லக்கா, நம்பர். இந்த நம்பருக்கு 'ம' போடு, அந்த நம்பருக்கு 'ண்' போடுன்னு சொல்றது எங்க கம்ப்யூட்டர்ல உள்ள தமிழ் பொன்ட். அந்தக் கடையில அது இல்லபோல. அதே நம்பருக்குத் தன்கிட்ட இருந்த உருவத்தப் போட்டிருச்சு."

"பிரின்டருக்குத் தெரியாதா?"

"அதுக்கு வாசிக்கத் தெரியாதுக்கா. சொன்ன இடத்துல மைய வைக்கும், அவ்வளவுதான்."

பிரின்டருக்கு வாசிக்கத் தெரியாது, சரி. சீல் குத்தினவருக்கு?

"நான்தான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்று அவள் கண் கலங்கினாள். எழுத்தின் உருவத்தையும் உள்ளேயே கட்டி வைக்கிற மாதிரி, பக்கத்தை பிடிஎஃப் என்று ஒன்றாக மாற்றித் தந்தாள். இனி எந்த மெசினும் தன் இஷ்டத்துக்கு மாற்றாதாம்.

அவள் கடைக்கு இன்னும் மை வரவில்லை. வரக்காப்பொலைக்கு இந்தத் தடவை நானே போனேன். கடைக்காரர், "அன்னைக்கு வந்த தலைவர் மாத்தயா ஒண்ணும் சொல்லாமத்தானே எடுத்துட்டுப் போனாரு" என்றார். நான் ப்ளொப்பியை நீட்டினேன். பிரின்டர் வாயிலிருந்து தாள் வந்தது. முழங்கை வந்துவிட்டதா என்று பார்த்தேன். வந்திருந்தது.

கந்தோரில் சீல் குத்தின ஐயா பைலைத் திறந்தார். எங்கள் மனுவுக்கு ஏற்கெனவே ஒரு நம்பர் போட்டு, சிவப்பு மையில் ஏதோ எழுதியிருந்தது. "நடவடிக்கை எடுக்கப்படுகிறது" என்று சிங்களத்தில் வாசித்தார்.

"என்ன நடவடிக்கை ஐயா?" நானும் சிங்களத்திலேயே கேட்டேன்.

"கடிதத்துல கேட்டபடி."

"கடிதத்துல என்ன கேட்டிருக்கு? வாசிங்க."

கண்ணாடியைப் போட்டார். தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். புதுத் தாளை வாங்கிக்கொண்டு, இதற்கு இன்றைய தேதிதான் விழும், வரிசையில் கடைசியில்தான் வரும் என்றார்.

வந்ததே ஆத்திரம்! வாழ்க்கையில் ஒரு கந்தோரில் நான் சத்தம் போட்டது அன்றைக்குத்தான். "ஒண்ணுமே இல்லாத தாளுக்கு ஒரு நம்பர் குடுத்தீங்களே, அந்த நம்பர இதுக்குக் குடுங்க. மழை உங்க வரிசையப் பாத்தா வரும்?" மேசையை விட்டு நகரவில்லை. கடைசியில் பழைய நம்பரையே போட்டு, தமிழ்த் தாளை மேலே வைத்துக் குத்தினார்.

அடுத்த கிழமை ஒருவர் வந்து வெடிப்பை அளந்தார். ஆறு குடும்பத்தையும், வேலை நேரத்தில் பிள்ளைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவுக்கு மாற்றச் சொல்லிவிட்டுப் போனார். மாறி ஒன்பதாம் நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம், மேட்டு மண் சரிந்து எங்கள் அடுப்படியை மூடியது. உள்ளே யாரும் இல்லை.

எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தலைவர் பெருமூச்சு விட்டார்.

"நல்லவேள, இங்கிலீஸ்ல குடுத்தோம். அதான் சட்டுன்னு வந்தானுங்க."

சீல் விழுந்த அந்தக் கொப்பி என் பையில்தான் இருந்தது. எடுத்து அவர் கையில் வைத்து, "வாசிங்க" என்றேன்.