கடைமடைக்கு முதல் தண்ணீர்

இளவரசன் ஊரோடு வந்துவிடப் போகிறான் என்று தா.பழூர் பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்களாம். பால் சொசைட்டியில் வைரக்கண்ணு உண்ணாமலையிடம் சொன்னான்.

"இமாச்சலத்துல இந்த வருசம் பனியே பெய்யலையாம்க்கா. மலை மொட்டையா நிக்குதாம். உன் தம்பிக்கு இனிமே அங்க என்ன வேல?"

உண்ணாமலைக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். ரோடு போடப் போன தம்பி, டோல்மா என்கிற மலைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே காலிஃபிளவர் பயிர் செய்கிறான். இங்கே அவன் பங்கு நிலத்தையும் சேர்த்துப் பார்ப்பவள் அவள்தான். வந்தால் வரப்பு வெட்ட ஓர் ஆள், சண்டை போட ஓர் ஆள்.

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குப் போன் போட்டாள்.

"பெய்யாம இல்லக்கா. கொஞ்சமாப் பெஞ்சுது, அதுவும் காலந்தப்பி. அடிச்ச வெயில்ல உடனே கரைஞ்சு ஓடிருச்சு."

பனி மலையிலேயே கிடந்து, கோடை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தால்தான் அந்த ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர். இப்போது ஊற்றுகளும் வற்றிவிட்டன. உச்சியில் புல் முளைக்காததால் ஆட்டுக்காரர்கள் கீழே இறங்கிவிட்டார்கள், பின்னாலேயே கரடியும். வாய்க்காலில் கசிந்து வருவதையும் மேல்வயல்காரர்கள் மடக்கிக்கொள்கிறார்கள். டோல்மாவின் வயல் கடைசி.

"நாத்து தாங்காதுக்கா. காஞ்சா மூட்டையக் கட்டிட வேண்டியதுதான்."

வந்துடுடா என்ற சொல் நாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் உண்ணாமலையின் வயலும் வாய்க்காலின் கடைசியில் கிடக்கும் கடைமடைதான். தண்ணீர் மேலே ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கருகும் நாற்றை அவள் பார்த்திருக்கிறாள்.

"ஊர்க்கூட்டம் போடுவாங்களா?"

"நாளைக்கு. அடிதடிதான் நடக்கும்."

"நடக்கட்டும். போன்ல என் மூஞ்சியக் காட்டு."

உண்ணாமலை இங்கே பாசன சங்கத் தலைவி. இவர்கள் வாய்க்காலில் தண்ணீர் குறைந்த வருடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. முதல் தண்ணீர் கடைமடைக்கு. பதிலுக்குக் கடைமடைக்காரர்கள் வாய்க்கால் தொடங்கும் தலைப்பு வரைக்கும் தூர்வாரி, கசிவெல்லாம் அடைத்துத் தர வேண்டும்.

மறுநாள் வாய்க்கால் கரையில் நின்று அதைச் சொன்னாள். இளவரசன் இந்தியில் மாற்றிச் சொல்ல, போனுக்குள் கம்பளிக் குல்லாய்கள் சிரித்தன.

"உங்க ஊர்ல பனியப் பாத்திருக்கீங்களான்னு கேக்குறாங்கக்கா."

"எங்களுக்கு மலையும் இல்ல, பனியும் இல்ல. எவனோ மேல தொறந்துவிட்டாத்தான் தண்ணி. உங்கள விட மோசம்னு சொல்லு."

சிரிப்பு நின்றது. முதல் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டால் எங்களுக்கு என்ன மிஞ்சும் என்று மேல்வயல்காரர் ஒருவர் கோபமாகக் கேட்டார். உண்ணாமலை, வாய்க்காலின் முதல் வயலான தலைமடைக்குச் சொந்தக்காரர் காசிநாதன் பக்கம் போனைத் திருப்பினாள்.

"மாமா, நீங்களே சொல்லுங்க."

காசிநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மொத வருசம் இந்தப் பொம்பளையத் திட்டாத நாளில்ல. அடுத்த வருசந்தான் பாத்தேன், வழியில ஒழுகிப்போன தண்ணியெல்லாம் என் வயலுக்கு வந்து நிக்கிது. தூர்வாருற வேலையும் அவங்களோடது, நான் மம்புட்டியத் தொட்டே ரொம்ப நாளாச்சுய்யா. பாருங்க, தொப்ப வச்சிருச்சு."

இளவரசன் அதையும் விடாமல் மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பக்கம் கூட்டமே குலுங்கியது. கோபப்பட்டவர் குல்லாயைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அதற்குள் சிக்னல் போய்விட்டது.

பிறகு தகவலே இல்லை. உண்ணாமலைக்குச் சோறு இறங்கவில்லை. நடவு வயலில் நிற்கும்போதும் போனை முந்தானையில் முடிந்தே வைத்திருந்தாள்.

ஒருநாள் காலை வீடியோ வந்தது. சாக்கும் களிமண்ணுமாகக் கசிவு அடைத்த வாய்க்கால். அதில் சருகுகளைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் நுழைகிறது. மேல்வயல்களைத் தாண்டுகிறது. கோபப்பட்டவரே மடை ஓரம் காவல் நிற்கிறார். கடைசியில் டோல்மாவின் வயல். பாத்தி பாத்தியாக மண் கறுக்கிறது. டோல்மா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் குதிக்கிறாள்.

உண்ணாமலை அதை நடவுப் பெண்களுக்குக் காட்டினாள், காசிநாதனுக்குக் காட்டினாள், வைரக்கண்ணுவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"போச்சு போ," என்றார் காசிநாதன். "இனிமே ஒன் தம்பி எங்க வரப்போறான்?"

"வரமாட்டான் மாமா." அவள் கண் கலங்கியிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. "நாம ஜெயிச்சுட்டோம்ல?"

சேற்றுக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, அவன் எடுக்கவில்லை. நடவுப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தண்ணி பாய்ச்சுறவன் எப்புடி எடுப்பான்?" என்றாள்.

ஆனாலும் காதை விட்டு எடுக்கவில்லை. மலையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.